பத்தும் உயிரோடு

— இன்னொரு தடவ எண்ணுங்கண்ணே.

— எத்தன தடவ எண்ணுனாலும் பத்து எலிதான் கீதாஞ்சலிம்மா. நீங்க ஊருக்குப் போன நாலு நாளும் வேளை தவறாம பாத்தவன் இந்த அய்யம்பெருமாளு. ஒண்ணாவது சொணங்கிக் கெடக்குதா பாருங்க.

— அதான் கஷ்டம். பத்துக்கும் ஒரே கிருமியத்தானே ஏத்துனேன்? எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி. வால்ல நீல மை வச்ச அஞ்சுக்கும் வாய்வழியா என் மருந்து. செவப்பு வாலு அஞ்சுக்கும் வெறுந்தண்ணி.

— அப்படியேதாம்மா ஊத்துனேன்.

— வெறுந்தண்ணி குடிச்சதுங்களும் பொழச்சுக்கிச்சுன்னா, என் மருந்தும் தண்ணியும் ஒண்ணு. நாலு வருச ஆராய்ச்சி. பதினோரு மணிக்குத் திருச்சியிலேர்ந்து கமிட்டி வருது. அவங்ககிட்ட அத எழுதிக் குடுத்துட்டு நான் ஆண்டிமடத்துல முந்திரி ஒடைக்கப் போறேன்.

— அவசரப்பட்டு எழுதாதீங்கம்மா. செத்தா உங்களுக்கு நல்லதா?

— செவப்பு அஞ்சும் செத்திருந்தா எனக்கு டாக்டர் பட்டம்ணே.

— இத மொதல்லயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.

— ஏன்?

— கோவிச்சுக்காதீங்க. செவப்பு அஞ்சும் வியாழக்கெழமையே போயிடுச்சு.

— அப்ப இதுங்க யாரு?

— புதுசா வந்த எலிக் கூண்டுலேர்ந்து அஞ்ச எடுத்து, வால்ல செவப்பு மை தடவி விட்டேன்.

— ஏண்ணே?

— அடுத்தவங்க ஆட்ட வளக்க வாங்குனா, செத்ததுக்கு ஈடா ஒண்ண விட்டுத்தான் எங்க வூட்டுல ஒப்படைப்போம். எண்ணிக்க கொறஞ்சா எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு நிக்கிறது?

— நீலத்துல ஒண்ணையும் மாத்தலையே?

— சிறுவாச்சூர் காளி சத்தியமா இல்ல. அஞ்சும் நீங்க விட்டதேதான். தீனி போடப் போனா கையக் கடிக்குதுங்க.

— அப்ப மருந்து வேல செய்யுதுண்ணே.

— அழுவாதீங்கம்மா.

— செத்தத என்ன பண்ணுனீங்க? கமிட்டிக்குக் காட்டணும். எரிக்கிற மெஷின்ல போட்டாச்சா?

— உயிரக் குடுத்ததுங்கள மெஷின்லயா போடுவேன்? கட்டடத்துக்குப் பின்னால வரிசையாப் பொதச்சு, பால் தெளிச்சு, ஆளுக்கொரு கல்லு நட்டிருக்கேன்.

— தோண்டுங்க.

— மம்முட்டி எடுத்தாரேன். உங்க அஞ்சு மட்டும் போதுமாம்மா?

— வேற யாரு எலி அங்க இருக்கு?

— உங்களுக்குப் பாடம் சொல்ற ராஜதுரை சாரோடது. விருது வாங்குனாரே ஒரு மருந்துக்கு, அதக் குடிச்ச நாப்பதும் பக்கத்து வரிசையில கெடக்கு.