கயிறு சுத்தின கை

ஒயர மாத்தி மாட்டிட்டான்னு தர்மன டேசனுக்குள்ள வெச்சி அடிக்கறீங்களே, அது ஞாயமில்லீங்க ஐயா. அவன் வெறும் ஒயர்மேனு. எங்கூட்டுக்காரரு செத்ததுக்கும் அவனுக்கும் ஒண்ணுமில்லீங்க.

எங்க கடத்தூருத் தெருவுல ரெண்டு கம்பி கரண்டுதான் வருது. இரும்பு கடையற லேத்து மோட்டாருக்கு மூணு கம்பி வேணும். அறுவத்தெட்டுல லேத்து வாங்கனப்பவே கரண்டாபீசுல எழுதிக் குடுத்தது, இன்னும் வந்தபாடில்ல. அதுக்குத்தான் கொல்லைப்பக்கம் ஒரு பழைய மோட்டாரு. அதோட புல்லிச் சக்கரத்துல கயித்தச் சுத்தி வெடுக்குனு இழுத்து, சுத்தறப்பவே சுச்சப் போட்டா ஓட்டம் புடிச்சிக்கும். அதுலருந்துதான் மூணாவது கம்பிக்குக் கரண்டு போவும். இழுக்காம சுச்சப் போட்டா உர்ருன்னு நின்ன எடத்துலயே புகைஞ்சிரும்.

யாரு இழுக்கறதா? நாந்தாங்க. ஆறு வருசமா. இந்தக் கையப் பாருங்க, காப்புக் காச்சிக் கெடக்குது.

ஒயரு சரிதாங்க. கயித்த எந்தப் பக்கமாச் சுத்தி இழுக்கறமோ, மோட்டாரு அந்தப் பக்கந்தான் ஓடும். லேத்தும் அதுக்குத் தக்கனதான் சுத்தும். மாத்தி ஓடுனா, இரும்பப் புடிச்சிருக்குற சக்கு மரை கழண்டு வந்துரும். ஒரு மணு, பதினோரு கிலோ கனம் இருக்கும். மொத நாளு தெரியாம மாத்திச் சுத்திட்டு, செவுலு கிழிய வாங்கனேன்.

அடியா? அதுக்கென்னாங்க கொறைச்சலு. அந்தக் கயித்தாலயே அடிப்பாரு. பல்லு ரெண்டு அப்பிடித்தான் போச்சு. என்னிய அடிச்சதெல்லாம் பொறுத்துக்கிட்டேன். திங்கக்கெழம, கஞ்சி ஆறிப்போச்சுன்னு எம்பொண்ணு ரோசம்மா சடையப் புடிச்சி இழுத்துட்டுப் போயி, லேத்துல ஓடற பெல்ட்டுக்கிட்ட வெச்சி, உட்டுரட்டுமா, உட்டுரட்டுமாங்கறாரு. பத்து வயசுப் புள்ளைங்க. சடை நுனி பெல்ட்டுல பட்டுப் பட்டுப் பறக்குது. புள்ள நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. இவரு சிரிக்கறாரு.

செவ்வாக்கெழம காலையில கயித்தச் சுத்தி இழுத்துட்டு, எப்பயும்போல ஓடுதுங்கன்னு கொரலு குடுத்தேன். அவரு லேத்து சுச்சப் போட்டாரு. சக்கு கழண்டு நேரா நெஞ்சுல. என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு, ரத்தந்தான் வந்துச்சு.

கை தவறிப் போச்சான்னா கேக்கறீங்க? ஆறு வருசமா சுத்தற கைங்க, தூக்கத்துலகூடத் தவறாது. திங்கக்கெழம சாயந்தரமே புள்ளைய பாப்பாரப்பட்டி பஸ்ல ஏத்தி, எந்தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிட்டனே.

பேரு ராஜமேரிங்க, எழுதிக்கங்க. அதுக்கு முன்னால தர்மன அடிக்கறத நிறுத்தச் சொல்லுங்க. அவன் பொண்டாட்டி வாசல்ல நின்னு அழுதுட்டிருக்குறா.