சோதித்துத் தந்தவர்கள்

பண்டாரவளையில் மென்பொருளைச் சும்மா கொடுத்தாலும் வாங்கிப் பார்க்க ஆள் கிடைக்காது, ஐயா. நான் செய்தது மருந்தகங்களுக்கான ஒன்று. நோயாளியின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும். கொழும்பு நிறுவனம் ஒன்று அதை வாங்க இருந்தது. அதற்குமுன் உண்மையான நோயாளிகளை வைத்து ஓட்டிப் பிழை பார்த்துத் தரச் சொன்னார்கள்.

முதலில் மருந்துக்கடை ஹாஷிமிடம் கொடுத்தேன். இரண்டாம் நாளே கூப்பிட்டார். “தம்பி, இது மனுசன் குடிக்கிற மருந்து. ஒங்கட கொம்பியூட்டர வேற எங்கயாச்சும் பழக்குங்க” என்றார். டவுன்காரர்களின் இந்த நொட்டைப் பேச்சு எனக்குக் குமட்டும்.

வேறெங்காவது என்றால் தேயிலைத் தோட்டம்தான். ஹல்துமுல்லைக்கு மேலே, நான் பிறந்த தோட்டத்தில், பிரான்சிஸ்கா அக்காதான் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். திரையிலிருந்த ‘சோதனைப் பதிப்பு’ என்ற சொற்களை அழித்துவிட்டுக் கொண்டுபோனேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டுதான் மவுஸைத் தொட்டார். நம்ம புள்ள செஞ்சது என்று எல்லோரிடமும் சொன்னார். வரிசையில் நின்ற சனம் என் கையைப் பிடித்துக் கும்பிட்டது. ஈரக் கம்பளி நாற்றமும் அந்த நன்றியும் சேர்ந்து அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

மென்பொருளில் ஒரு குறை இருந்தது. எடையைப் போடாமல் விட்டால், அதே வீட்டு இலக்கத்தில் கடைசியாக வந்த பிள்ளையின் எடையை எடுத்துக்கொள்ளும். லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பராவில், ஒரே அறையில், மூன்று குடும்பம் ஒரே இலக்கத்தோடு இருக்கும். எனக்குத் தெரியும், அப்படித்தான் நானும் வளர்ந்தேன். தெரிந்தே விட்டுவைத்தேன். வயதுக்கு மீறிய மருந்தைக் கொடுத்ததாகப் பதிந்தால் சிவப்பு எச்சரிக்கை விழவேண்டும். அது விழுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. பொய்ப் பெயர் போட்டும் பார்த்திருக்கலாம். ஆனால் அது நேர்மையான சோதனை இல்லை.

மழைக்காலத்தில் ஜெசிந்தினி என்ற எட்டு மாதக் குழந்தையை மூச்சிழுப்போடு தூக்கி வந்தார்கள். குழந்தைத் தராசு உடைந்து கிடந்ததால் அக்கா எடையைப் போடவில்லை. அதே காம்பராவில் இருக்கும் பெரியப்பா மகன் றுஷாந்தனுக்குப் பன்னிரண்டு வயது. அவன் எடைக்குரிய அளவு திரையில் வந்தது. அக்கா எனக்கு போன் அடித்தார்.

“தம்பி, கைப்புள்ளைக்கு இம்புட்டு சிரப்பு காட்டுதுங்களே. பயமா இருக்கு.”

“செவப்பா ஏதும் விழுந்துச்சா அக்கா?”

“இல்லீங்க.”

“கொம்பியூட்டர் பொய் சொல்லாதுக்கா. குடுத்துட்டு, குடுத்தேன்னு அமத்துங்க.”

கொடுத்தார். எச்சரிக்கை விழவில்லை. அது பெரிய பிழை, உடனே திருத்த உட்கார்ந்தேன். அக்கா மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். வேலை முடியும்வரை நான் போனைக் கவிழ்த்து வைத்திருந்தேன். குழந்தை வலிப்பு வந்து, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தது.

அக்காவை அடைத்து வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்கிற ஆள் என்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்தேன். கொன்றது நான்தான்.

ஆனால் நான் நன்றி கெட்டவன் இல்லை, ஐயா. புதிய பதிப்பில், சோதித்துத் தந்தவர்களின் பெயர்களுக்கென்று ஒரு பக்கம் வைத்து, ஜெசிந்தினியின் பெயரை முதலாவதாகப் போட்டேன். லேப்டாப்பை லயத்துக்குத் தூக்கிக்கொண்டுபோய் அவள் தாயிடம் நானே காட்டினேன். அந்தப் பெண் திரையில் காறித் துப்பினாள். நல்லது செய்தாலும் இந்தச் சனத்துக்கு விளங்காது.