கோடித் துணியோடு வந்த பெண்

பள்ளிப் படிப்போடு நின்ற நான் எழுத வந்ததே அதிகப்பிரசங்கம்தான். கேட்டது மனதைக் குழப்பிக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சங்ககிரியிலிருந்து வந்த, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ்ஸில், மடியில் பிணத்துக்குப் போர்த்தும் கோடித் துணியோடு ஒரு பெண் கணவருடன் உட்கார்ந்திருந்தார். சாதி விட்டுக் கல்யாணம் செய்ததற்காக ஊர் தள்ளிவைத்திருந்த அந்தப் பெண்ணின் தம்பி இறந்துவிட்டான். தள்ளிவைத்துத் தீர்ப்புச் சொன்னவர் கணவரின் அண்ணன். எல்லாம் அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது.

“எழவுக்கு ஆரும் போகக்கூடாதுன்னு அண்ணன் சொல்லிப்போட்டாரு. எறங்காத புள்ள,” என்றார் கணவர்.

“உங்களுக்கு உங்க அண்ணன் பெருசு. எனக்கு என்ற தம்பி பெருசில்லீங்களா? நாங் கோடி போடாம அவனை எப்படிங்க எடுப்பாங்க?”

“எனக்கு அண்ணனும் வேணும், நீயும் வேணும். நா என்ன பண்ணட்டும்?”

“ரெண்டாப் பொளந்துக்குங்க.”

எதிரே இருந்த வாத்தியார் மெல்லச் சொன்னார்: “கிரேக்க தேசத்துப் பழைய நாடகமெல்லாம் இப்படித்தான் அம்மிணி. ரெண்டு பக்கமும் நாயம் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் கேடு வரும். விதின்னு சொல்லுவாங்க.”

“அந்தத் தேசத்துலயும் பொம்பளைக்கு ரெண்டு ஊடுங்களா, சாமி?”

யார் பக்கம் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை.

மல்லசமுத்திரத்தில் அந்தப் பெண் இறங்கி நடந்தார். கணவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பஸ் நகர்ந்ததும் குதித்து, “நில்லு புள்ள!” என்று பின்னால் ஓடினார். தடுக்கவா, கூடப் போகவா என்று தெரியவில்லை.

மறுநாள் அதே பஸ்ஸில் போனபோது, இருவரையும் ஊர் தள்ளிவைத்துவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார்.