துருத்திக்கொண்டு நின்ற வீடு

ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை முன்கூட்டியே ஒரு துண்டுத் துணியில் வெட்டிப் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கேமராவுக்கு முன்னால் பெரிய மனிதர் அறுத்துக்கொண்டே நிற்பார், பின்னால் இருப்பவர்கள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள். எங்கள் அலுவலகத்தில் இந்த வேலை எப்போதும் என் தலையில்தான் விழும்.

தெருவை அகலப்படுத்தும் வேலைக்கும் நான்தான் மேற்பார்வை. எல்லோரும் இடம் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு வீடு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அது என் அக்காவின் வீடு. அக்கா சரி என்றுவிட்டாள். அத்தான் பிடித்த பிடியை விடவில்லை.

"உங்க சொந்தக்காரர்தானே, பேசி முடிங்க" என்பார் எங்கள் அதிகாரி. அங்கே போனால், "உன் ரோட்டை வளைச்சுப் போட்டுக்கோ மாப்ள" என்பார் அத்தான். காதில் கருவி இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அவர் சாதாரணமாகப் பேசுவதே தெருவுக்கெல்லாம் கேட்கும். நான் அலைந்து அலைந்து ஓய்ந்துபோனேன். கோபம் என்று எழுதாதீர்கள். கோபப்படக்கூடத் தெம்பு வேண்டும். எனக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அக்காவின் கையெழுத்தை வைத்து இடிக்க நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல் நாள் அக்காவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அத்தான் அசையவில்லை. மறுநாள் காலையில் போனபோது, கருவி விட்டு விட்டுக் கேட்கிறது என்று சலித்துக்கொண்டார். ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்று சைகை காட்டி வாங்கிக்கொண்டேன். மதியம் சாப்பிட்டதும் அவர் பின்னறையில் படுத்துவிடுவார்.

அந்த நேரத்துக்கு இடிக்கும் இயந்திரம் வந்தது. விதிப்படி விசில் ஊதினேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

"உள்ள ஒரு தடவ பாத்துடலாமா சார்?" என்றார் ஓட்டுநர்.

"நேத்தே காலி பண்ணியாச்சுப்பா. யாராவது இருந்தா இந்த விசிலுக்கு வந்திருக்க மாட்டாங்களா?" என்று கையைக் காட்டினேன்.

பின்னால் விசாரித்தவர்களிடம், முதல் நாளே என் வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு அத்தான் ஏமாற்றிவிட்டார் என்றேன். விசில் கேட்டும் வீம்புக்கு உள்ளேயே இருந்துவிட்டார் என்று ஊர் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. அக்காவும் நம்பினாள். வீம்புக்குச் செத்த மனிதரை நினைத்து அழுவதா திட்டுவதா என்று தெரியாமல் தவித்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

திறப்பு விழா அன்று காலையில் ரிப்பேர் கடைக்காரர் போன் செய்தார். கருவியைப் போய் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். புது பேட்டரி போட்டுக் கொடுத்திருந்தார். நல்ல பொருளைத் தூக்கி எறிய எனக்கு மனம் வராது.

இடம் கொடுத்த குடும்பம் என்பதால் அக்காவை என் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். கத்தரிக்கோல் தட்டை மார்போடு அணைத்துப் பிடித்தேன். பைக்குள் கருவி கீச்சென்று கத்தியது. எதிலாவது அழுந்தினால் அது அப்படித்தான் கத்தும். அத்தான் தலையணையில் சாயும்போதெல்லாம் கேட்கும் சத்தம். அக்கா திரும்பி என் பையைப் பார்த்தாள்.

"அது உன்கிட்டயாடா இருந்துச்சு?" என்றாள்.

ரிப்பன் ஒரே வெட்டில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆமாம், அவருக்குக் கேட்காது என்று தெரிந்துதான் ஊதினேன். ஆனால் ரிப்பேர் பார்த்துத் தருகிறேன் என்றேன், பார்த்துவிட்டேன். சொன்ன சொல்லை நான் தவறியதே இல்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.