மூக்கைப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு

வழி தெரியாது வந்த இளையோர்க்கு வாசலாய் நின்றவரே! வெவ்வேறு வழிபாட்டினரை ஒரே பலகையில் அமர்த்தி வாய்விட்டுச் சிரிக்க வைத்தவரே! மாணவர் வழிகாட்டு மையத்தின் மாண்பே, மாறாத மலர்ச்சியே, எம் அன்பு அக்கா, வணக்கம்! இந்நேரம் "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்று நீங்கள் முணுமுணுப்பது எங்கள் காதில் விழுகிறது. இன்று ஒரு நாள் பொறுத்தருள்க.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கல்லூரியில் பணியாற்றி இன்று ஓய்வு பெறுகிறீர்கள். வந்த புதிதிலேயே, மாடிப்படிக்கு அடியில் கிடந்த சாமான் அறையைப் பெருக்கித் துடைத்துப் பொது வழிபாட்டு அறையாக்கினீர்கள். தொழுகைப் பாயும் அகல்விளக்கும் மெழுகுவர்த்தித் தட்டும் அங்கே ஒரே அலமாரியில் ஒற்றுமையாய் இருந்தன. முட்டி மோதிக்கொண்டவை வாசலில் கிடந்த செருப்புகள் மட்டுமே.

"நான் என்ன வேலைக்குப் போகலாம்?" என்று கேட்டு வந்தவர்களுக்கு நீங்கள் அறிவுரை வழங்கியதே இல்லை. வேறு மதத்தவர் ஒருவரோடு இணைசேர்த்து, மருத்துவமனைக்கோ மரப்பட்டறைக்கோ முதியோர் இல்லத்துக்கோ ஒரு வாரம் அனுப்பிவிடுவீர்கள். திரும்பி வந்ததும் தன்னைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கூடப் போனவர் எப்படி வணங்குகிறார், எந்த வேலையில் அவர் முகம் மலர்கிறது என்பதைத்தான் சொல்ல வேண்டும். மீறினால் உங்கள் கையால் தேநீர் கிடையாது.

பிழையே அறியாப் பெருந்தகை என்று உங்களைப் புகழத்தான் நினைத்தோம். ஆனால் நீங்கள் செய்த ஒரு பிசகை விட்டுவிட்டால் இம்மடல் பொய்யாகிவிடும்.

தலையில் தொப்பி அணிந்த மாணவர் ஒருவரையும் கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணிந்த மாணவி ஒருவரையும் இணைசேர்த்து ஒரு முறை மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள். அவர்களோ உடன்பிறந்த அண்ணன் தங்கை! பெற்றோர் இரு மதம்; அண்ணன் அப்பா வழி, தங்கை அம்மா வழி. எவர் வழி சரி என்று மூண்ட வாக்குவாதத்தில் இருவருக்குமிடையே பேச்சு நின்று இரண்டாண்டு ஆகியிருந்தது. "அவன்கிட்ட சோறு ஆறுதுன்னு சொல்லும்மா" என்பதுகூடத் தாயார் வழியாகத்தான். இப்படியே போனால் அந்த வீடு இரண்டாகிவிடும் என்று அவர் கலங்கிக்கொண்டிருந்தார். 'முதலில் நான் ஏன் சொல்ல வேண்டும்?' என்ற வீம்பில் இருவரும் உங்களிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

வாரம் முடிந்தது. வகுப்பில் முதலில் தங்கை எழுந்தார்.

"வார்டுல ஒரு பெரியவர் பேசிக்கிட்டே இருந்தாருக்கா. இவனுக்குத் தொழுகை நேரம் நெருங்கிடுச்சு. ஆனா அவர் முடிக்கிற வரைக்கும் இவன் கடிகாரத்தைப் பார்க்கவே இல்ல. மத்தவங்க மனசுல இருக்கறதைக் கேக்கற வேலைதான் இவனுக்குப் பொருந்தும். என்கிட்டதான் பேச மாட்டான். இவன் என் அண்ணன்."

அடுத்து அண்ணன் எழுந்தார்.

"நர்ஸ் புண்ணுக்குக் கட்டுப் போட்டப்ப, இவ சங்கிலியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் ஜெபிச்சா. அப்புறம் நோயாளியோட கையைப் பிடிச்சுக்கிட்டா, விடவே இல்ல. தலை சுத்தி உட்கார்ந்தது நான்தான். எனக்குத் தண்ணி கொண்டுவந்து குடுத்தவளும் இவதான்."

நீங்கள் நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். "தொப்பியைப் பார்த்தேன், சங்கிலியைப் பார்த்தேன், ரெண்டு மூக்கும் ஒரே அச்சா இருக்கே, அதைப் பார்க்கலையே!" வகுப்பே குலுங்கிச் சிரித்தது, அந்த இருவர் மட்டும் அழுதார்கள். அன்று தொட்டு, நாங்கள் யாரையாவது அவசரப்பட்டு எடைபோட்டால், "மூக்கைப் பார்த்தீங்களா?" என்றுதான் கேட்பீர்கள். அக்கேள்விக்குக் கூசிக்கூசியே நாங்கள் கொஞ்சம் நல்லவர்களானோம்.

அன்பே அணியாய்க் கொண்ட அக்கா! நலம் குன்றாமல், நகைப்பு மாறாமல், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். எங்களில் ஒவ்வொருவரும் அவரவர் வழியில் உங்களுக்காக வேண்டிக்கொள்கிறோம்.

இம்மடலைப் படிப்பவரின் குரல் தடுமாறினால் மன்னியுங்கள். நாளை முதல் உங்கள் நாற்காலியில் அமரப்போகும் அவர்தான் அந்த அண்ணன். முன்வரிசையில், பணி முடிந்து செவிலியர் உடையோடு நேரே வந்து அமர்ந்திருப்பவர் அந்தத் தங்கை. இருவரும் ஒரே வண்டியில்தான் வந்தார்கள். வழி நெடுகச் சண்டையாம், ஒரு நிமிடம்கூட வாய் ஓயவில்லையாம்!

என்றும் உங்கள் தேநீருக்கு ஏங்கும்,
மாணவர் வழிகாட்டு மையப் பணியாளர்கள்