சாத்தானுக்குக் கண் திறந்தவர்

மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில், என் காலடியில் ஒரு சாக்கு மூட்டை. பக்கத்தில் பெயின்ட் காயாத கைகளோடு ஒருவர், அவர் மனைவி.

"நேத்து சாத்தானுக்குக் கண்ணு தொறந்துட்டேன்டி."

நான் நாசூக்காகக் காலை இழுத்துக்கொண்டேன். நெஞ்சு மட்டும் தடதடவென்று எனக்கு முன்னால் அடுத்த படகுத்துறைக்கு ஓடியது.

"சூடம் காட்டினியளா?"

"கோயில் சிலை செஞ்ச கையில்ல, தன்னால கொளுத்திருச்சு. சர்ச் அச்சன் சாமியாரு கோவிச்சிட்டாரு. 'சாத்தான மிதிக்குற தேவதூதரு மிக்கேல் சம்மனசு பொம்மையாட்டம் நிக்காரு, காலடியில கெடக்கவனுக்குத்தான் உயிர் இருக்கு. மூஞ்சிய மாத்து, இல்லேன்னா பெருநாளுக்கு வேற ஆளு'ன்னு சாத்தான் தலையக் கழட்டிச் சாக்குல போட்டுக் குடுத்திட்டாரு."

அவள் சாக்கை விலக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"ஈட்டி கழுத்துல நிக்குத பயம் கண்ணுல அப்படியே இருக்கே! இதுல தூரிகைய வச்சீகன்னா பாத்துக்கங்க. சம்மனசுக்குச் சூடம் காட்டினியளா?"

"அச்சன் பக்கத்துலயே நின்னாரு. கூச்சமா இருந்துச்சு."

"அதான்! நாளைக்கு அச்சன் சாப்பிடப் போனதும் சம்மனசுக்கும் காட்டி, கண்ணத் தொறங்க."

நானும் எட்டிப் பார்த்தேன். பிதுங்கிய விழி, பிளந்த வாய். என்ன கைவேலை! சற்று முன் பயந்துபோன என் முகத்தை அப்படியே வடித்திருந்தார்.