யாரும் மிதிக்காத கோடு

சாயங்காலம் ஏழு மணி, அஞ்சு நிமிஷம். ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை. ஹார்பர் சாலையில் ஈ காக்கா இல்லை... கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா.

நம்ம லாரெய்னுடைய அக்கா புருஷன் கேஸ் அந்தச் சாலையில் தனியாக நடந்து வந்தார். முன்பெல்லாம் அந்த நேரத்துக்குத்தான் அங்கே முதல் பந்து வீசுவார்கள். இப்போது பேஸ்பால் மைதானம் ஏது? இடித்துத் தள்ளிவிட்டுப் பெரிய கடையும், அதன் முன்னால் கார் நிறுத்த தார்த்தரையும் போட்டாயிற்று.

முப்பத்தோரு வருஷம் அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவர் கேஸ். ஆட்டக்காரன் எவனும் அந்தக் கோட்டை மிதிக்க மாட்டான். மிதித்தால் ராசி போய்விடும் என்று தாண்டித்தான் போவான்.

"என் சமையலறையெல்லாம் சேத்தை மிதிச்சுட்டு வருவே. உன் கோட்டை மட்டும் ஒருத்தனும் மிதிக்கக் கூடாதோ?" என்பாள் அவர் மனைவி வெரோனிகா. "நான் செத்தா என்னை அதுலயே போட்டுடு, கிழவா. நிம்மதியாப் படுத்திருப்பேன்."

செத்தும் போனாள். ஒரு விடியற்காலையில் அவள் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து கோடு இழுத்தார் கேஸ். "ஒருத்தன் கால் உன்மேல படாது, வெரோ. நான் பொறுப்பு."

அடுத்த வருஷமே மைதானம் போயிற்று. அதிலிருந்து, இங்கே லாரெய்ன் வீட்டில் வந்து தங்கியும், அவருக்குத் தூக்கம் இல்லை. எத்தனை செருப்பு, எத்தனை தள்ளுவண்டி அவள்மேல்...

அன்று மதியம் பனி பெய்து ஓய்ந்திருந்தது. கடை ஆறு மணிக்கே அடைத்துவிட்டார்கள். விளக்குக் கம்பத்தடியில் கேஸ் நின்று பார்த்தார். பனியில் நூறு காலடிகள். எல்லாம் ஓர் இடம் வரை வந்து... நின்று... ஒரு முழம் தள்ளி மறுபடி தொடங்கின. கிழவியின் கைத்தடிக்குழி, குழந்தையின் பூட்ஸ். தள்ளுவண்டிச் சக்கரத்தடம்கூட அங்கே அறுந்து அப்பால் தொடர்ந்தது. நடுவில், நூல் பிடித்தாற்போல், கால்படாத பனி.

"பாத்தியா வெரோ... ஒருத்தன் மிதிக்கலடி!" அழுதுகொண்டே அதன் கூடவே கடைசி வரை நடந்தார். கோடு போடும் வண்டி கையில் இருந்தால் கால் தானாகக் கோட்டுக்கு இரு பக்கமும் அகன்று நடக்கும். அன்று கையில் வண்டி இல்லை.

திரும்பிப் பார்த்தார். கோட்டின்மேல் நெடுக ஒரே ஒருவர் காலடி... அவருடையது.

ஈரச் சுண்ணாம்பு வாடை குப்பென்று வந்தது. பின்னால் எண்ணெய் காணாத சக்கரம்... கிர்ரிக்... கிர்ரிக்...

இதோ, இந்தச் சமையலறை வாசல் வழியாகத்தான் ஓடிவந்தார். "பூட்ஸைக் கழட்டுங்க, இப்பத்தான் துடைச்சேன்!" என்று கத்தினாள் லாரெய்ன். அவர் காதில் எதுவும் விழவில்லை.

விடிந்து பார்த்தால், இந்த வாசலிலிருந்து அவர் கட்டில் வரை வெள்ளைக் கோடு. அதற்குப்பின் கேஸ் தரையில் கால் வைக்கவே இல்லை. பங்குனிக்குள் போய்ச் சேர்ந்தார். லாரெய்ன் கோட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

ஆனால் கண்ணுகளா... நீங்கள் ஆறு பேரும் ஒவ்வொருவராக உள்ளே வந்தபோது நான் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு பேருமே அந்த வாசலில் காலைத் தூக்கித் தாண்டித்தான் வந்தீர்கள்.